அபெனாவை மூன்று தரம் கேட்டார்கள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளைக் குறைவிடாமல் வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்து வாசியுங்கள். கச்சான் கடலையை அரைத்துக் கருவாட்டோடு கொதிக்கவைக்கும் வாசம் எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் எனக்கு இருபது வயதாகிவிடும். எழுபதுகளில், நாங்கள் கடல் கடந்து குடியேறிய டண்டினொங் ஊரில் ஒரு சின்ன மண்டபத்தின் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த வாசம் அது.

அன்றைக்கு அபெனாவுக்குக் கல்யாணம், அவர்கள் முறைப்படி. கானா நாட்டுக்காரி, தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷின். கூடப்பிறந்தவர் ஒருவரும் இங்கே இல்லாததால், "நீதான் என் அக்கா" என்று சொல்லிப் பெண் பகுதியின் முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தாள். கூறைச்சேலை உடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை பகுதியார் சாராயப் போத்தல்களும் சீலைகளும் கொண்டுவந்து பரப்பினார்கள். தலையிலிருந்து கால்வரை துணியால் மூடிய ஒருத்தியை நடுவில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் மாமன் அவளை ஒருமுறை சுற்றிவந்து, கையை விரித்து, "இவள் வேண்டாம்" என்றார்.

ஊரில் என்னையும் இரண்டு இடத்தார் பார்க்க வந்து, பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "பெட்டை கறுப்பு, நிறம் காணாது" என்று சொல்லியனுப்பியவர்கள். அந்த வெட்கத்தில் அம்மா ஒரு மாதம் கோயில்வாசல் மிதிக்கவில்லை. இங்கேயோ, இத்தனை பேருக்கு முன்னால், முகத்தைக்கூடப் பார்க்காமல்!

வீட்டுக்காரர் என் சேலைத் தலைப்பை இழுத்தார். "சும்மா இரும். அது அவையின்ர விஷயம்."

எழும்பிவிட்டேன். "என்ன குறையைக் கண்டனீங்கள்? முகத்தைத் திறந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ!"

தமிழில்தான் கத்தினேன். பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை, கோபம் விளங்கிவிட்டது. துணி குலுங்கியது, அழுகிறாளே என்று ஓடிப்போய் விலக்கினேன். உள்ளே அபெனாவின் பெரியம்மா, முன்பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடாதே மகளே, எனக்கும் ஒரு மாப்பிள்ளை வேணும்!"

பொய்ப்பெண்ணைக் காட்டுவதும் மாப்பிள்ளை பகுதி மறுப்பதும் அவர்கள் கல்யாணத்தில் வழக்கமான விளையாட்டாம். அபெனா எனக்குச் சொல்ல மறந்திருக்கிறாள். "இப்படி ஒரு அக்கா இருந்தால் எங்கள் பொடியன் அடங்கித்தான் நடப்பான்" என்று மாமன் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிறகு உண்மையான அபெனா வந்தாள். பெரியம்மா ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டி, "இதை நாங்கள் வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். ஓம் என்றாள். மறுபடி கேட்டார், ஓம். மூன்றாம் தரமும் கேட்டார், அதற்கும் ஓம். அவள் ஒருமுறை மாட்டேன் என்றிருந்தால் கொண்டுவந்த அத்தனையும் திரும்பிப் போயிருக்குமாம்.

என்னை ஒருவரும் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கவில்லை.

அந்த மண்டபம் இப்போது கார் நிறுத்தும் இடம். தொழிற்சாலையும் இல்லை, அபெனாவும் போய்விட்டாள். என் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் சம்பந்தம் வந்தபோது, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொருத்தியையும் மூன்று தரம் கேட்டேன். மூத்தவள் இரண்டு தரம் ஓம் என்றாள். மூன்றாம் தரம் பேசாமல் நிலத்தைப் பார்த்தாள். அந்தச் சம்பந்தத்தை அன்றைக்கே விட்டேன். சொந்தக்காரர் ஏசினார்கள், ஏசட்டும். இரண்டு வருஷம் கழித்து அவள் தானாக ஓம் என்று சொல்லிக் கட்டியவருக்குப் பிறந்த மகள்தான் என் பக்கத்தில் இருக்கிறாள்.

பிள்ளை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை ஒருக்கா வாசி. கேப்பம்.