பாவுக்கு அடுத்த ஈடு

பிறந்தநாள் விழாக்களிலிருந்து திரும்பும் மகளின் கையில் மடித்த காகித நாப்கின் ஒன்று இருக்கும். உள்ளே நசுங்கிய கேக். ரோஜாப்பூ கிரீம் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மடிப்பைத் தன் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்து, "இந்தாங்கம்மா" என்று நீட்டுவாள். பிறகு நான் சொல்லாமலே குழாயடிக்குப் போய்க் கை கழுவுவாள். அப்போது அவளுக்கு நாலு வயது. கேக் எப்படி இருக்கும் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் முட்டை வாங்குவதில்லை. அதனாலேயே வெகுநாள் தெரியாமல் போயிற்று. கணவருக்கு வங்கியில் மாற்றலாகி, கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து, கட்கி பக்கம் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் வீடெடுத்த முதல் வருஷம் அது. கீழ்வீட்டுப் பிறந்தநாளில் யாரோ ஆசையாய் அவள் வாயில் ஒரு ஸ்பூன் கேக் ஊட்டினார்கள். கை தட்டல் அடங்குவதற்குள் உதடு தடித்தது. கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாய்ச் சிவந்து, மூச்சு விசில் போலக் கேட்க ஆரம்பித்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போன தூரம் எவ்வளவென்று இன்றும் எனக்குத் தெரியாது. வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், அதுவரை முட்டை பட்ட பாத்திரத்தில்கூட எதுவும் தராதீர்கள் என்று ஊசி போட்ட டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து எந்தத் தட்டைப் பார்த்தாலும் இதற்கு முன் இதில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அதிகமாகப் பயப்படுகிறேனோ என்று ஒரு நாள் தோன்றும், போதாதோ என்று மறுநாள் தோன்றும். நர்சரி ஆசிரியையிடம் எடுத்துச் சொன்னேன். அவர் நல்லவர். மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் மகளை ஜன்னலோரம் தனி மேஜையில் உட்கார வைத்தார். சொன்னது சரியா, சொல்லாமலே விட்டிருக்கலாமா என்று அன்று முழுவதும் அடுக்களையில் நின்றுகொண்டே யோசித்தேன். அதற்குப் பிறகு வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நானே செய்து தருவது என்று முடிவெடுத்து, அலுமினியத்தில் வட்டமாய், மூடியில் கண்ணாடி வைத்த கரண்ட் ஓவன் ஒன்றை வாங்கினேன். நான் வேதியியல் படித்தவள். தயிரும் சோடாவும் சேர்ந்தால் என்ன வாயு வரும் என்று எழுதிக் காட்டுவேன். அந்த வாயு என் கேக்கில் மட்டும் தங்கவில்லை. வியாழக்கிழமைகளில் மின்சாரம் வேறு நின்றுவிடும். பாதி வெந்ததைத் தோசைக்கல்லில் போட்டு முடித்திருக்கிறேன்.

"ரஸ்க் நல்லா வந்திருக்குதுங்க" என்றார் கணவர் ஒரு நாள்.

"அது கேக்குங்க."

"அப்படியா? காபிக்கு நல்லாத்தான் இருக்குது."

தீபாவளி நெருங்கியபோது எதிர்வீட்டம்மா வந்து கூப்பிட்டார். என் அம்மா வயது. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் காக்கூ, மராத்தியில் சித்தி. நானும் அப்படியே கூப்பிட்டேன். இருவரும் பேசிக்கொண்டது பாதி இந்தியும் பாதி மராத்தியுமான ஒரு மொழி. "நாளைக்கு பேக்கரிக்குப் போறோம். மாவு, சர்க்கரை, நெய் எடுத்துக்கிட்டு நீயும் வா" என்றார்.

இது அந்த ஊர் வழக்கம். தீபாவளிக்கு முறுக்கும் லட்டும் வீட்டில் செய்வார்கள். நான்கட்டாய் என்கிற நெய் பிஸ்கெட்டை மட்டும் தெருமுனை பேக்கரியின் பெரிய அடுப்பில் சுட்டு வாங்குவார்கள். சாமான் நம்முடையது, அடுப்பு அவர்களுடையது. பேக்கரியின் பின்கட்டில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, அகலத் தாம்பாளத்தில் நெய்யை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லா உருண்டையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் வீட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒருவர் பிஸ்தா வைப்பார், ஒருவர் கத்தியால் கீறுவார், காக்கூ சாரப்பருப்பு பதிப்பார்.

முட்டையில்லாத பண்டம். எல்லா வீட்டிலும் இருக்கும் பண்டம். மகளும் எல்லோரையும் போல வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு எச்சரிக்கைக்காக, வீட்டுத் தட்டுகள் நாலைந்தையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அது நல்லதாயிற்று. பின்கட்டின் மறுபக்கம் ஓர் ஆள் கேக்குக்காக முட்டைகளை உடைத்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கழுவியே பார்க்காத கறுத்த தகரத் தட்டுகள் அவர் பக்கத்தில் அடுக்கியிருந்தன. அதே தகரங்களைத்தான் எடுத்து எங்களுக்குப் போட்டார்கள்.

"என் தட்டில் வைத்துச் சுட முடியுமா?" என்று கேட்டேன்.

பேக்கரிக்காரர் என் தட்டுகளையும் என்னையும் பார்த்தார். "எங்க தகரத்துல என்ன குறை? இத்தனை வீட்டுக்கும் இதுலதான் சுடறோம்."

பக்கத்தில் நெய் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டாம் மாடிப் பெண் சிரித்தாள். "மதராசி ஆசாரம். தட்டு மட்டும் எதுக்கு? அடுப்பையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே."

"விடுடி. அவங்க வீட்டு மடி அவங்களுக்கு" என்றார் காக்கூ.

எனக்காகப் பேசியதுதான். இரண்டில் அதுதான் அதிகம் வலித்தது. மடியெல்லாம் இல்லை, குழந்தைக்கு ஆகாது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஜன்னலோர மேஜை ஞாபகம் வந்தது. மடி பார்க்கிறவள் என்ற பேர் என்னோடு போகும். நோய்க்காரப் பிள்ளை என்ற பேர் அவளோடு சேர்ந்து வளரும். சாமான்களை மறுபடி பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பேக்கரித் தகரத்தில் முட்டை பட்டிருக்கும் என்று மகளிடம் சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் நானே சுட்டேன். நெய் என்றால் உருக்கி ஊற்றுவது என்றுதான் எனக்குத் தெரியும். மைசூர்பாகுக்கும் லட்டுக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான். உருக்கி, மணக்க மணக்க ஊற்றிப் பிசைந்தேன். ஓவனுக்குள் வைத்த கால் மணியில் உருண்டைகள் இளகி, பரவி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டளவுக்கு ஒரே வட்டமாகிவிட்டன. மகள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பிஸ்கெட்டெல்லாம் கை கோத்துக்கிச்சு."

மறுநாள் மத்தியானம் காக்கூ ஒரு தட்டோடு வந்தார். நான் வெறுங்கையோடு திரும்பியது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். தட்டில் முந்தின நாள் பேக்கரியில் சுட்ட நான்கட்டாய், நடுவில் சாரப்பருப்பு. குனிந்து மகளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதுல முட்டை இருக்கா?" என்று மராத்தியில் கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ், இந்தி, மராத்தி, இங்கிலீஷ் என நான்கு மொழியிலும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஒரு துளி கிடையாது கண்ணு. நெய், சர்க்கரை, மாவு."

"தகரத்துல?"

காக்கூ நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன் மகளே சொல்லிவிட்டாள்: "முட்டை பட்டா எனக்கு மூச்சு வராது. அப்புறம் ஊசி."

தன் வீட்டு முகவரி சொல்வது போலச் சொன்னாள்.

காக்கூ தட்டை மேஜையில் வைக்கப் போனவர் வைக்கவில்லை. முந்தானையால் மூடி, வெளியே எடுத்துப் போய்த் தன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, திரும்பி வந்து எங்கள் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். முழங்கை வரை கழுவினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன்னைப் பத்தி மாடி மாடியாப் போய்ச் சொல்லி வெச்சிருக்கேன், மடிக்காரி, யாரும் தப்பா நினைக்காதீங்கன்னு. இப்ப மறுபடி ஏறி இறங்கி மாத்திச் சொல்லணும். என் முழங்காலுக்காகவாவது நீ முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேண்டாம் காக்கூ. யாருக்கும் சொல்ல வேண்டாம்." என்றேன். "எல்லோரும் அவளைத் தள்ளி உட்கார வைப்பார்கள்."

மகள் காக்கூவின் பக்கத்தில் நின்று அவருடைய ஈர வளையல்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குச் சொல்ல வெக்கமில்லை" என்றார். "உனக்கு எதுக்கு?"

பதில் இருந்தது. அந்த மேஜையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது அது எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று பட்டது.

மறுநாள் காலை காக்கூ என்னை மறுபடி பேக்கரிக்கு அழைத்துப் போனார். விஷயத்தை அவரே சொன்னார். பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முந்தின தடவை இருந்த கடுகடுப்பு முகத்தில் இல்லை.

"முதல் வேலை எப்பவும் பாவு ரொட்டிதான். பாவுல முட்டை கிடையாது. பாவு இறங்கினதும் உங்க ஈட்டை ஏத்திடலாம். கேக் வேலை அப்புறம்தான் தொடங்குவோம். தட்டு உங்களுதே கொண்டு வாங்க, மேஜையைக் கழுவிடச் சொல்றேன்." பிறகு பின்கட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஆனா அறை இதேதான் பாருங்க. மூலைக்கு மூலை சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நான் பயந்து பின்வாங்கியிருப்பேன். முடியாது என்று அவர் சொன்ன அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்படி வருவது சரிதானா என்று வீட்டுக்கு வரும் வழியில் மறுபடியும் யோசித்தேன்.

அடுத்த நாள் விடிந்து நானும் காக்கூவும் போனபோது பாவுகள் பலகை பலகையாய் வெளியே வந்துகொண்டிருந்தன. பின்கட்டில் எனக்கு முன்பே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே சுட்டு முடித்தவர்கள். மறுபடியும் நெய்யும் மாவும் கொண்டு வந்திருந்தார்கள். காக்கூ முழங்காலைப் பார்க்காமல் மாடி ஏறி இறங்கியிருக்கிறார். அவர்களில் இரண்டாம் மாடிப் பெண்ணும் ஒருத்தி.

"அடுப்பை வீட்லயே விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். அவளுடைய தாம்பாளம் வெந்நீரில் தேய்த்த பளபளப்போடு இருந்தது. "காட்டு, நெய் எப்படிக் கொண்டு வந்திருக்கே?"

நான் டப்பாவைத் திறந்தேன். அடுப்பருகில் வைத்திருந்ததால் பாதி இளகியிருந்தது.

"அய்ய, இது பருப்பு சாதத்துக்கு" என்றாள். தன் டப்பாவிலிருந்து உறைந்த நெய்யை வழித்து என் தாம்பாளத்தில் போட்டாள். தேய்க்கத் தேய்க்க அது மஞ்சள் போய் வெளுத்து நுரைத்தது. மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. நிறுத்தினால் காக்கூ, "இன்னும், இன்னும்" என்பார். உருக்கினால் பரவும், நுரைத்தால் நிற்கும். இதற்கும் வேதியியலில் ஒரு காரணம் இருக்கும்.

என் தட்டுகளிலேயே, காக்கூவுடையதும் சேர்த்து, ஐந்து வீட்டு மாவும் மாறி மாறி ஏறியது. எங்கள் வீட்டு அடையாளத்துக்கு மகள் உலர்ந்த திராட்சையைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தாள். அது கருகும் என்று எல்லோரும் சொன்னார்கள். கருகியது. ஆனால் உருண்டைகள் உருண்டைகளாகவே நின்றன. மேலே மெல்ல வெடித்து, விளிம்பில் மட்டும் சிவந்து, ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

தீபாவளியன்று தட்டுகள் வீடு மாறத் தொடங்கின. முதலில் காக்கூவின் தட்டு வந்தது. அவர் வாசலிலேயே நின்றார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தட்டு என்னுடையது, மாவை நான் பார்த்தேன், அடுப்பு பாவுக்கு அடுத்தது. அந்த அறை மட்டும்தான் பாக்கி. ஒன்றை எடுத்து முதலில் நான் கடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகாததால் அவளுக்கும் ஆகாது என்று ஆகிவிடாது, அது தெரியும். தெரிந்தே கடித்தேன். பிறகு ஒரு சின்னத் துண்டு உடைத்து அவள் உதட்டில் தொட்டு வைத்துக் காத்திருந்தேன். உதடு உதடாகவே இருந்தது. மீதியை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் மெதுவாகத் தின்றாள். மாவு மோவாயெல்லாம் உதிர்ந்தது. நான் அவள் முதுகில் கை வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஏறி இறங்கியது, சாதாரணமாக.

"அம்மா, கையை எடுங்க. கூசுது."

எடுத்தேன். அவள் படியிறங்கி ஓடினாள். இரண்டாம் மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுத் தட்டும் நம் ஈடுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூப்பிடாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றேன். கீழே இன்னொரு கதவு திறந்தது. அது எங்களோடு வராத வீடு. ஒரு படி இறங்கினேன், நின்றேன்.

அவள் திரும்பி ஏறி வந்தாள். கன்னத்தில் நெய் மாவு. ஒரு கையில் மடித்த நாப்கின்.

"கீழ்வீட்டு ஆன்ட்டி கொடுத்தாங்க. கடையில வாங்கினதாம். முட்டை இருக்கான்னு கேட்டேன், தெரியலைன்னாங்க. இந்தாங்க."

வாங்கிப் பிரித்தேன். கிரீம் வைத்த சின்ன கேக். அவள் வழக்கம்போலக் கை கழுவப் போகவில்லை. அங்கேயே நின்று என் வாயைப் பார்த்தாள்.

"தின்னுட்டுச் சொல்லுங்க" என்றாள். "எப்படி இருக்குதுன்னு."

வேறு நாளாக இருந்தால், அவளுக்கு ஏக்கம் வந்துவிடுமே என்று, நன்றாகவே இல்லை என்றிருப்பேன். நான் முட்டை சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவள் இல்லை. வாயில் வைக்காமல் முகர்ந்து மட்டும் பார்த்தேன். நாப்கினை மடித்து உயரத்தில் வைத்தேன்.

"நானும் தின்னதில்லை கண்ணு. வாசனை நல்லாத்தான் இருக்குது."

அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அங்கிருந்தே கேட்டாள், திராட்சை வைத்ததில் இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று.