கயிறு பிடித்த கை

என் தந்தை இஞ்ஞாசியைப் பற்றித் தூத்துக்குடியில் ஒரு பேச்சு உண்டு. வேலை கேட்டுப் போன இடத்தில், பெற்ற பிள்ளையைத் தூக்கிக் காட்டி இரக்கம் சம்பாதிக்கப் பார்த்தவர் அவர் என்பது அந்தப் பேச்சு. அதைத் தொடங்கி வைத்தவர்கள் இன்று இல்லை. பேச்சு மட்டும் இருக்கிறது. அண்மையில் ஒரு கலியாண வீட்டில், நான் யாரென்று அறியாத ஒருவர் எனக்கே அதைச் சிரித்தபடி சொன்னார். தந்தை தூக்கிய அந்தப் பிள்ளை நான்தான். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். படிப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

தந்தை சங்கு குளிக்கும் தோணியில் கயிறு பிடிப்பவர். இளமையில் அவரும் குளித்தவர்தான். கடலின் ஆழம் முதலில் அவருடைய இடது காதை உடைத்தது. பிறகு வலது காதையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் அவர் தோணியின் மேலேயே நின்றுகொண்டார். அவருடைய தங்கை கிளாடிசைக் கட்டிய பாஸ்கல் மாமா குளித்தார். தந்தை அவருக்குக் கயிறு பிடித்தார். எங்கள் கரையில் அந்தக் கயிற்றை எவரிடமும் கொடுத்துவிடுவதில்லை. மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தன் தங்கை தாலியறுக்கக் கூடாது என்ற அச்சம் உள்ளவனுக்குத்தான் கண் அயராது என்பது பெரியவர்கள் கண்ட நியாயம்.

கீழேயிருந்து கயிறு வெடுக்கென்று இழுபட்டால், மேலே நிற்பவர் அக்கணமே தூக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த வேலையின் இலக்கணம்.

"ஏன் இழுக்கான், எதுக்கு இழுக்கான்னு யோசிச்சவன் கையில பொணந்தான்யா வரும்" என்று தந்தை என்னிடம் சொல்வார். அந்த வேலைக்குக் காது தேவையில்லை. கை போதும்.

தோணி கடலுக்குப் போகாத நாள்களில் அவர் என்னை வெளியே அழைத்துப் போவார். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக, கடலுக்குள் நீண்டிருக்கும் சரக்குப் பாலத்துக்கு நடப்போம். எங்கள் துறைமுகத்தில் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் தொலைவில் நின்றுவிடும். சரக்கைத் தோணிகள்தான் கரைக்கும் கப்பலுக்கும் சுமக்கும். எனவே பாலத்தில் எப்போதும் மூட்டையும் ஆளும் நிறைந்திருக்கும். என் கண்ணுக்கு எட்டியதெல்லாம் வேட்டியும் சாக்கும்தான். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் தந்தையின் சுட்டுவிரலைப் பிடித்துக் கீழே ஓர் இழுப்பு இழுப்பேன். மறுகணம் நான் அவர் தோளுக்கு மேலே இருப்பேன். யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும், எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், கை தானாகத் தூக்கிவிடும். தூக்கிய பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார்.

"தெரியுதா?" என்பார். காது கேளாதவர் ஆகையால் குரல் பாலம் முழுவதும் ஒலிக்கும்.

"தெரியுதுப்பா" என்று நான் தலையை ஆட்டுவேன்.

மீன் ஏலத்தையும், தேரோட்டத்தையும், கொழும்புத் தோணிகள் பாய் விரிப்பதையும் அவ்வாறே பார்த்தேன். சங்குக் கொட்டகைக்கு அழைத்துப் போவது அவருக்கு மிகவும் பிடிக்கும். அங்கே துளையிட்ட பலகை ஒன்று உண்டு. அத்துளையில் விழுந்துவிடும் சிறிய சங்கை மீண்டும் கடலில் போட்டுவிடுவார்கள். நான் அந்தத் துளைக்குள் என் கையை விட்டுப் பார்ப்பேன்.

"போயிருது! ஏலே, இவன் இன்னும் வளரணும். கடல்ல போட்டுருவோமா?" என்பார் தந்தை. நான் அவர் காலைக் கட்டிக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் அதே விளையாட்டு. ஒவ்வொரு முறையும் எனக்கு உண்மையாகவே பயம் வரும்.

திரும்பும் வழியில் சந்தனமாரி என்ற அம்மாள் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருப்பார்.

"யண்ணே, இப்பத்தான் அவிச்சது. சூடா இருக்கு, வாங்குங்க."

தந்தை கடலைப் பார்த்தபடி, "ஆமா, இன்னைக்குக் கொண்டல்தான்" என்பார்.

"நான் கிழங்கச் சொல்லுதேன், இவரு காத்தச் சொல்லுதாரு! ஏலே வளன், ஒங்கப்பன் காத நீதான் டவுசர்ப் பையில வச்சிருக்கியா?"

நான் தந்தையின் மணிக்கட்டின் உட்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துவேன். யாரோ பேசுகிறார்கள் என்று அதற்குப் பொருள். அவர் உடனே திரும்பி அந்த அம்மாளின் வாயைப் பார்ப்பார். வாயசைவைக் கொண்டே பேச்சை அறிந்துகொள்வார். உள்ளங்கையில் அழுத்திப் பயனில்லை. கயிறு உராய்ந்து உராய்ந்து அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது. மணிக்கட்டில்தான் அவருக்கு உணர்வு மிச்சமிருந்தது. இழுப்புக்கு ஒரு பொருள், அழுத்தலுக்கு ஒரு பொருள். யாரும் உட்கார்ந்து வகுத்ததல்ல; நடந்து நடந்து அமைந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஆண்டில் கிளாடிஸ் அத்தை காய்ச்சலில் இறந்தார். ஆண்டுத் திதிப் பூசை முடிந்தபின் பாஸ்கல் மாமா, விக்டோரியா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். கலியாணம் முடிந்து சில நாள்களில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"என்ன மச்சான், புது மாப்பிள்ள உள்ள வர வெக்கமா?" என்றார் தந்தை.

மாமா தந்தைக்குத் தெரியும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்: "மச்சான், விக்டோரியாவுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான்லா, வில்பிரட்டு."

"முறை அதான?" என்றார் தந்தை.

"முறை அதான். நான் சொல்லிப் பாத்துட்டேன். அவ ஒத்துக்க மாட்டேங்கா. எந்தம்பி கை இருக்கையில அசலான் கை எதுக்குங்கா."

"அவ கேக்குறது நியாயந்தானப்பா. பய கண்ணு அயராம பாத்துக்கிடச் சொல்லு. நீ மேல வாரப்ப இடது பக்கமாச் சாயுவ, அதையும் சொல்லிரு."

மாமாவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விக்டோரியா அத்தையையும் குறை சொல்ல இயலாது. ஆனால் தந்தைக்கு வேறு தங்கை இல்லை. எனவே வேறு கயிறும் இல்லை.

கொழும்பில் ஆலந்தலை ஊர்க்காரர் ஒருவருக்குக் கயிறு சேமித்து வைக்கும் கிட்டங்கி இருந்தது. அங்கே வேலைக்கு வரச் சொல்லித் தந்தைக்கு ஆள் வந்தது. போனால் எப்போது திரும்புவது என்று தெரியாது. என் தாய் பிளாரன்சும் நானும் கீழவைப்பாரில் தாயின் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். தந்தை அதை விரும்பவில்லை.

"பயல விட்டுட்டு அங்கன போயி நான் என்ன செய்ய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். அவர் பாலத்துக்கு அருகே இருந்த சரக்குக் கம்பெனி ஒன்றின் எழுத்தர். அக்கம்பெனியின் கிட்டங்கி வாயிலுக்குக் காவலாள் தேவைப்பட்டது.

"ஓய் இஞ்ஞாசி, மானேசர் நாலு வார்த்த கேப்பாரு. அவரு வாயப் பாத்துப் பதில் சொல்லிரும். காது கதைய அங்கன எடுக்காதீரும். வேலையில சேந்தப்புறம் நான் பாத்துக்கிடுதேன்."

தந்தை காதை மறைக்க எண்ணியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. வாயசைவு தெரியாமல் போனால் அழுத்துவதற்கு நான் அருகில் இருப்பேன் என்பது ஏற்பாடு. பிள்ளையை ஏன் அழைத்துவந்தாய் என்று கேட்டால், தாய்க்கு உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்வதாகவும் முடிவாயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. போவதற்கு முன் சில நாள்கள் கடற்கரைச் சாலையில் பழகிப் பார்த்தோம். நான் அழுத்துவேன், அவர் திரும்புவார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

அந்தக் காலையில் தாய் ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்து வந்தார். பாஸ்கல் மாமாவின் கலியாணச் சட்டை. கஞ்சி போட்டுத் தேய்த்து வாங்கி வந்திருந்தார்.

"இது எதுக்குளா? கழுத்தப் பிடிக்கி" என்றார் தந்தை.

"வெறும் துண்டோட போனா வாசல்லயே நிறுத்திருவான். கையத் தாங்க" என்று சொல்லி, தாய் இரண்டு கைகளிலும் பொத்தானை இறுக்கமாகப் போட்டார். போட்டுவிட்டு ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தார். "தொரை மாதிரியில்ல இருக்கீய!" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் பிற்காலத்தில் பார்த்ததில்லை.

கம்பெனி அறையில் மானேசரும், தண்ணீர் வைக்க வந்த பியூன் ஒருவரும் இருந்தார்கள். அண்ணாச்சி வெளியே நின்றார். மானேசர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கடலில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். தந்தை அவர் வாயைப் பார்த்துச் சரியாகப் பதில் சொன்னார். குரல்கூட அளவாகவே இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மானேசர் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சன்னல் அருகே போய் நின்றார். வெளியே பார்த்தபடியே, "பாலத்திலேருந்து விசில் கேட்டா உடனே கேட்டைத் திறக்கணும். மழையானாலும் சரி, ராத்திரியானாலும் சரி. செய்வியா?" என்றார்.

நான் மணிக்கட்டை அழுத்தினேன். என் கட்டைவிரலுக்கு அடியில் தோல் இல்லை. அட்டை போல விறைத்த துணி இருந்தது. மீண்டும் அழுத்தினேன். பொத்தானுக்குக் கீழே விரலை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. தந்தை மானேசரின் முதுகை மரியாதையோடு பார்த்தபடி நின்றார்.

"என்ன, பதிலைக் காணோம்?" என்றார் மானேசர்.

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து என் பலம் முழுவதையும் கொண்டு இழுத்தேன்.

கை தூக்கிவிட்டது. மானேசர் திரும்பிப் பார்த்தபோது, நான் அவர் முகத்துக்கு நேரே, என் தந்தையின் இரு கைகளிலும் உயரத்தில் இருந்தேன். தந்தை அண்ணாந்து என்னைப் பார்த்து, பாலத்தில் கேட்பது போலவே, அறை அதிரக் கேட்டார்:

"தெரியுதா?"

பியூன் சிரித்துவிட்டார்.

"பிள்ளையைத் தூக்கிக் காட்டிப் பிச்சை கேக்கிற இடம் இல்லை இது. இறக்கு கீழே" என்றார் மானேசர். தந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு மானேசர் தந்தைக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டிப் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதினார். சீட்டை வெளியே அண்ணாச்சி வாங்கிப் படித்தார். மடித்து என் கையில் வைத்தார். அது இன்றும் என்னிடம் இருக்கிறது. நானாகவே எழுத்துக்கூட்டி ஆங்கிலம் கற்ற பிறகு அதைப் படித்தேன். காது கேளாதவர், காவலுக்கு ஏற்றவர் அல்லர் என்று மட்டுமே இருக்கிறது. பிச்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சொல் அறைக்கு வெளியே வந்தது அந்தப் பியூனின் வாய் வழியாகத்தான். அன்று மாலைக்குள் அது தேநீர்க் கடைகளுக்குப் போய்விட்டது.

சாலைக்கு வந்ததும் தந்தை என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அவரு என்னய்யா சொன்னாரு?"

"ஆள் எடுத்தாச்சாம்பா" என்று பொய் சொன்னேன்.

"அதுக்கு முன்னால? நீ என்னத்தப் பாக்கத் தூக்கச் சொன்ன?"

நான் சீட்டை டவுசர்ப் பைக்குள் திணித்தேன். தந்தை சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "மாமா சட்ட. கசங்காமக் குடுக்கணும்" என்றார். பிறகு நடப்பதற்காக வழக்கம்போல் சுட்டுவிரலை நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த விரலை நான் இழுத்ததால்தான் எல்லாம் கெட்டது என்று அப்போது நம்பினேன். இனி ஒருபோதும் அதைத் தொடுவதில்லை என்று எனக்குள் சபதம் செய்துகொண்டேன்.

அடுத்த நல்ல காற்றில் கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றில் தந்தை புறப்பட்டார். பாலத்தில் அன்றும் கூட்டம். தாய் முக்காட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். பாஸ்கல் மாமா மூட்டையைத் தூக்கி வந்திருந்தார். தந்தை என் அருகே வந்து சுட்டுவிரலை நீட்டினார். ஆள்களுக்கு நடுவே எனக்குத் தோணி தெரியவில்லை. ஓர் இழுப்பு இழுத்தால் தெரிந்திருக்கும். என் கைகள் என் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஏலே வளன், அப்பா கையப் பிடிலே" என்றார் மாமா.

நான் பிடிக்கவில்லை. தோணியிலிருந்து கூப்பிட்டார்கள். தந்தைக்கு அது கேட்கவில்லை. விரலை நீட்டியபடியே நின்றார். மாமா தோளைத் தொட்டுத் திருப்பிய பிறகுதான் போனார்.

அவர் திரும்பி வந்தபோது நான் மீசை அரும்பிய பிள்ளை; அவரைவிட அரை முழம் உயரம். ஊர்ப்பேச்சு அதற்குள் அவரை எட்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், "பாலம் வரைக்கும் போவமாய்யா?" என்றார். போனோம். கடற்கரைச் சாலை முழுவதும், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.