சாகுல் பாயின் வெளியுறவுத் துறை

ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் சாகுல் ஹமீது டீ ஆற்றினால், அந்த நீளத்தில் நாலு சட்டை காயப்போடலாம். டீயோடு உலக அரசியலும் இலவசம். டிவியில் எந்த நாட்டுத் தலைவர் எவர் கையைக் குலுக்கினாலும் முதல் திட்டு பாயிடமிருந்துதான்.

"பாருலா, சொந்த மார்க்கத்துக்காரன விட்டுட்டு அடுப்புக்கு கேஸ் குடுக்கிறவன்கூட சிரிக்கிறான். இவனெல்லாம் தலைவனா?"

அதே கூரைக்கடியில் பக்கத்தில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கதிரேசன் கரண்டியை நிறுத்தாமல் கேட்பார்: "கேஸ் இல்லன்னா அவங்க ஊர்ல சோறு எப்படி பாய் வேகும்?"

"வேகலன்னா பச்சையா தின்னட்டும். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

தைப்பூசம் நெருங்கிய நேரத்தில் அந்தக் கொள்கைக்குச் சோதனை வந்தது. மூன்றாவது கடையில் பிரியாணி போடும் ஜலாலுதீன் ஒரு டீ பாய்லரைக் கொண்டுவந்து இறக்கினார். கப்பலில் மாட்டினால் பினாங்கு வரைக்கும் ஓடும், அவ்வளவு பெரிசு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சாகுல் பாயோடு தோள் உரசி நிற்பவர் அவர். அந்த உரிமையில் பாய் போய்க் கேட்டார்.

"பக்கத்துல நின்னு தொழுவுற. நீயே என் பொழப்புல கை வைக்கலாமாப்பா?"

"தொழுகை வேற, வாடகை வேறண்ணே. உங்க ஆட்டுக்கால் சூப்பால என் பிரியாணி கூட்டம் பாதியாச்சே, அப்ப தெரியலையா?"

பாயின் டீ வியாபாரம் படுத்தது. கல்லாவில் உட்காரும் அவர் மனைவி சம்சுன்னிசா சொன்னார்: "ஈ கூட அந்தக் கடைக்குப் போயிருச்சுங்க. இப்படியே போனா கடைய மூடவேண்டியதுதான்."

அப்போதுதான் கதிரேசன் தூது வந்தார். "என் கடையில சாப்பிடுற விரதக்காரங்க எல்லாருக்கும் டீ வேணும் பாய். உங்க சூப்புச் சட்டியப் பாத்து ஒதுங்கிப் போறாங்க. அத நிறுத்துங்க, மொத்தக் கூட்டமும் உங்களுக்குத்தான்."

சாகுல் பாய் ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தார். பிறகு மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சூப்பு ஜலாலுதீனுக்கு. டீ சாகுல் பாய்க்கு. பாய்லர் மறுபடி லாரி ஏறியது. விரதக்காரர்களுக்காகப் புதுப் பாத்திரமும் வாங்கியாயிற்று.

"இத டிவில ஒருத்தன் செஞ்சா என்ன பேச்சு பேசுவீங்க?" என்றார் சம்சுன்னிசா.

"அது வேற, இது வேறலா."

மறுநாள் காலையில் மஞ்சள் வேட்டிக் கூட்டம் பாதித் தெருவை அடைத்தது. பாய்க்கு ஆற்றி ஆற்றித் தோள் கழன்றது. மகிழ்ச்சியில் கதிரேசனைக் கேட்டார்: "உங்க ஆளுங்க வருஷம் பூரா இப்படித்தான வருவாங்க?"

"தைப்பூசம் வரைக்கும் வருவாங்க பாய். விரதம் முடிஞ்சதும் எல்லாரும் ஆட்டுக்கால் சூப்பு தேடிப் போயிருவாங்க."

பாய் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஜலாலுதீன் சூப்புச் சட்டியை விசிலடித்தபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாகுல் பாய் ஒரு டீயைச் சர்க்கரை தூக்கலாகக் கலந்து, அடுத்த பேச்சுவார்த்தைக்குக் கிளம்பினார்.