எண்டெல் வராத சனிக்கிழமை

இப்படியான கதைகளை நான் நம்பியதில்லை. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். யாராவது ஆவி என்று தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். நீங்களும் போகலாம், குறை நினைக்க மாட்டேன்.

ரொறன்ரோவில் எஸ்தோனியக் கிழவர்கள் ஏழு பேர் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடித் தங்கள் நாட்டுப்பாடல்களைப் பாடுவார்கள். எட்டாவது ஆள் நான். சேர்த்தவர் அந்த ஏழு பேரில் ஒருவரான எண்டெல். நான் முன்பிருந்த கட்டடத்தின் சலவை அறையில் நான் முணுமுணுத்த பஜனையைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். உங்கள் மொழி தெரியாதே என்றேன். தேவையில்லை என்றார். முன்னுக்குப் பாடுபவர் ஒரு வரி பாடுவார், அது முடியுமுன்னே மற்றவர்கள் சேர்ந்து அதையே திருப்பிப் பாடுவார்கள். அந்தக் கணத்தில் மனதில் வந்ததையும் அவர் வரியாகக் கட்டலாம். எது வந்தாலும் திருப்ப வேண்டும். எப்போதும் முன்னுக்குப் பாடுபவர் எண்டெல்தான்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை அவர் போனில் அழைத்தார். பனி கொட்டுகிறது, வரும் வழியில் என்னை ஏற்றிக்கொள் என்றார். பிடித்து நடக்கும் வோக்கருடன் அவர் காரில் ஏறி இறங்க அரை மணித்தியாலம் போகும். கார் பழுது, நானும் வரவில்லை என்றேன்.

“கார் கீழ நிக்குது. என்னத்துக்கு உந்தப் பொய்?” என்றாள் மனைவி.

“அந்த வோக்கரை நீரே வந்து மடிச்சு ஏத்தப்போறீர்?”

“போற இடத்தில பிடிபடுவியள்.”

போனேன். எண்டெலின் இடத்தில் தோமாஸ் என்ற இன்னொரு கிழவர் முன்னுக்குப் பாடினார். மூன்றாவது பாட்டில் அவருக்கு இருமல் வந்து நின்றுவிட, எனக்குப் பின்னாலிருந்து எண்டெலின் குரல் எழுந்தது, அதே கரகரப்பு. பஸ்ஸில் வந்துவிட்டார், பிடிபட்டேன் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க வெட்கம். இரண்டு வரிகள் வந்தன. எல்லோரும் திருப்பிப் பாடினார்கள்.

பிறகு திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

தோமாஸ் சிரித்தார். “சிவா, சொல்லாமல் கொள்ளாமல் எப்போது எங்கள் மொழி படித்தாய்?”

அந்த வரிகளைப் பாடியது நானாம். ஆறு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். என்ன பாடினேன் என்று கேட்டேன்.

“தோழனின் கார் பழுது, நான் நடந்தே வருகிறேன். அதுதான் முதல் வரி. ஏன், உன் கார் வெளியில் நன்றாகத்தானே நிற்கிறது?”

இரண்டாவதைச் சொல்லுமுன் அவருடைய போன் அடித்தது. எண்டெல் பஸ் தரிப்பில் விழுந்து கிடந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

எண்டெல் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் போகிறேன், திருப்பிப் பாடுகிறேன். இரண்டாவது வரி என்ன என்று தோமாஸிடம் கேட்காத நாளில்லை. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் காரைத் தாண்டி, பஸ் தரிப்புக்கு நடந்து போகிறார்.