மோர் கொடுத்தார்கள், வீடு கொடுக்கவில்லை

மண்ணரையில் இன்று வாடகை வீடு பார்க்கப் போனேன்.

"வாங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கீங்க" என்று வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்தார். காலி வீட்டுச் சாவி அவர் கையிலேயே இருந்தது.

"சொந்த ஊரு எதுங்க?"

"திருநெல்வேலி. இங்க பனியன் கம்பெனில டெய்லரா இருக்கேன்."

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊட்டுக்காரரு வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டாருங்க. இன்னுங்கொஞ்சம் மோரு ஊத்தட்டுங்களா?"

வெளியே 'டூலெட்' அட்டை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் ஊர் என்றால், "வெளியூர்க்காரனுக்கு வீடு கெடையாதுவே" என்று வாசலிலேயே முடித்திருப்பார்கள். நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். இங்கே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இது மூன்றாவது வீடு. மரியாதைக்கு எங்கும் குறைவில்லை.

மரியாதை தெரியாத வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உடனே குடிவருகிறேன்.