தெற்கே சொல்லி வடக்கே போனவர்

என் அக்கா புருஷன் ஆர்வோ கிவேலா பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஏரி விஷயத்தைத் தவிர. வட மின்னசோட்டாவில் எங்கள் ஊருக்கு மீன்பிடிக்க வரும் நகரத்து ஆட்களை ஓடத்தில் கூட்டிப்போவது அவர் தொழில். அவர்களுக்கு வேண்டியது ஸ்மால்மவுத் பாஸ். கொக்கியில் இறகு கட்டிச் செய்த பூச்சியைத் தண்ணீர்மேல் வீசினால் பாய்ந்து கவ்வி, கவ்விய வேகத்தில் எகிறிக் குதிக்கும் மீன். யாரும் கைவைக்காத ஏரியில்தான் அது பெரிதாகக் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் புது ஏரி தேடிப் போவார். வீட்டில் தெற்கே ஒரு ஏரியின் பேரைச் சொல்லிவிட்டு வடக்கே போவார். நல்ல ஏரியின் பேர் வெளியே கசியக்கூடாது என்று இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். வெர்னா அக்காவும் பொய் என்று தெரிந்தே தலையாட்டிவிட்டு காபிக் குடுவையை நிரப்பிக் கொடுப்பாள்.

போன வருஷம் மே கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மரம் வெட்டுகிறவர்கள் கைவிட்ட பாதையில் வண்டியை விட்டு, கிளைகளை ஒடித்துப் போட்டு மூடினார். ஓடத்தைத் தோளில் தூக்கிச் சேற்றைக் கடந்த பிறகு, திரும்பிப் போய் எங்கள் கால்தடங்களைக் கலைத்தார்.

"கொலை பண்ணிட்டு வர்றவன்கூட இவ்வளவு பாக்கமாட்டான் அத்தான்."

"டுவேன் மோப்பம் பிடிச்சுடுவான் மாப்ளே. போன வருஷம் நான் கண்டுபிடிச்ச ஏரியில அடுத்த வாரமே ஆளுங்களோட நிக்கிறான்."

டுவேன் ஸ்கூக் அதே தொழில் செய்கிறவன். ஊரில் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

ஏரி கறுப்பாக இருந்தது. கரையோரம் மாடு அளவுக்குப் பாறைகள் மூழ்கிக் கிடந்தன. ஆர்வோ முதல் வீச்சிலேயே ஒன்றைப் பிடித்தார், அடுத்த வீச்சில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அப்போது கரையில் குச்சி முறிந்தது.

"கரடியா இருக்கும்," என்றேன்.

பிறகு ஒரு இருமல் கேட்டது.

"கரடி இருமுமாடா?" ஆர்வோவின் குரல் இறங்கிவிட்டது. மரங்களுக்குள் யாரோ நின்று எங்களையே பார்க்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு முதுகு கூசியது. அதற்குள் அவர் நடிக்க ஆரம்பித்துவிட்டார். தூண்டிலில் கிடந்த மீனை நைசாக உதறிவிட்டு, "ஒண்ணுமில்லாத ஏரிடா இது," என்று உரக்கச் சலித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து முணுமுணுத்தார். "எதிர்க்கரைக்குப் போயிடலாம். இங்க மீன் இருக்குறது அவனுக்குத் தெரியக்கூடாது."

காற்று கிளம்பியிருந்தது. கரையை ஒட்டியே போயிருக்கலாம். அவன் கண்ணிலிருந்து தப்பும் அவசரத்தில் ஏரிக்கு நடுவே துடுப்புப் போட்டோம். பாதி தூரத்தில் ஓர் அலை பக்கவாட்டில் தூக்கி எங்களைக் கவிழ்த்தது.

பனி உருகிக் கொஞ்ச நாள்தான் ஆன தண்ணீர். எனக்கு மூச்சே வரவில்லை. மிதவைச் சட்டை இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருப்போம். எப்படியோ ஒரு மொட்டைப் பாறையில் தொற்றி ஏறினோம். ஓடம் குப்புற மிதந்து, இருமல் கேட்ட கரைப் பக்கமே போனது. தீப்பெட்டி நனைந்துவிட்டது. ஆர்வோ முதலில் கிடுகிடுவென்று நடுங்கினார். பிறகு நடுக்கம் நின்றது. குளிரில் நடுக்கம் நின்றால் உடம்பு தோற்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"வெர்னாகிட்ட எந்த ஏரின்னு சொன்னேன்?" நாக்கு குழறியது.

"பர்ச் ஏரி."

"அப்ப அங்கதான் தேடுவாங்க."

நான் தொண்டை கிழியக் கத்தினேன். காற்று இருமல் கேட்ட கரையை நோக்கித்தான் அடித்தது. ஆள் இருந்தால் கேட்டிருக்கும். பதில் இல்லை. காலையில் அங்கே ஆள் இருக்கிறானே என்று பயந்தோம். இப்போது இல்லாமல் போய்விட்டானோ என்று பயந்தோம். இந்தப் பயம் பத்து மடங்கு பெரிது.

ஆர்வோ என் தோளைப் பிடித்து எழுந்தார். "டுவேன்! இங்க மீன் இருக்குடா. என் ஜென்மத்துல இவ்வளவு பெருசா பாத்ததில்ல. எல்லாம் உனக்குத்தான், எடுத்துக்க. நான் இனிமே வரமாட்டேன்."

மரங்கள் விலகின. ஓடம் ஒன்று வெளியே வந்தது.

டுவேன் எங்களை ஏற்றித் தன் கோட்டை ஆர்வோவுக்குப் போர்த்தினான்.

"கவுந்ததைப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." என் முகத்தைப் பார்க்காமல் துடுப்புப் போட்டான். "வெளிய வந்தா, பின்னாலயே திருட்டுத்தனமா வந்தேன்னு ஊரே காறித்துப்பும். வேற யாராவது வருவாங்கன்னு நின்னுட்டேன்."

அவனை அங்கேயே தண்ணீரில் தள்ளியிருப்பேன். தள்ளினால் ஓட்டிப்போக ஆள் இல்லை.

இந்த மே மாதம் ஆர்வோ மறுபடி கிளம்பினார். நான் அப்போது சமையலறையில்தான் இருந்தேன். "பர்ச் ஏரிக்குப் போறேன்," என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு வாசல்வரை போனார். பூட்ஸ் மாட்டாமல் திரும்பி வந்தார். அக்காவின் காதருகே குனிந்து உண்மையான பேரைச் சொன்னார். எனக்கும் கேட்டது. எந்த ஏரி என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

வெர்னா காபிக் குடுவையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷம் பொய் சொல்லிட்டுப் போனீங்க, நான் நிம்மதியா தூங்கினேன்," என்றாள். "இப்ப எங்க வந்து தேடணும்னு சொல்லிட்டுப் போறீங்க. பயமா இருக்குங்க."