முதல் கோப்பை

ஜெர்மனியின் ஹம் நிலையத்தில் ரயிலைத் தவறவிட்டு, எதிரேயுள்ள சீன உணவகத்தின் வாசலில் பனிக்கு ஒதுங்கி நிற்கிறேன். “உள்ளுக்கு வாங்கோ அண்ணை” என்று தமிழில் ஒருவர் கூப்பிடுகிறார். யோகன், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே கோப்பை கழுவுகிறார். கடை திறக்குமுன் வேலையாட்கள் சாப்பிட உட்காரும் நேரம்; என்னையும் அவர்களோடு உட்கார வைக்கிறார். சுவரில் நீண்ட தாடியோடு கன்பூசியஸின் படம்.

“சீனாவிலை ஒருகாலம் இந்தப் படங்களைக் கிழிச்செறிஞ்சவையாம் அண்ணை. இப்ப இந்த ஞானியின்ரை கோயிலைத் திருத்தித் திறந்திட்டினமாம். முதலாளியின்ரை தமையன் அங்கையிருந்து அனுப்பின படம். அது வந்த நாள் தொட்டு, வயசிலை மூத்த ஆளுக்குத்தான் முதல் சாப்பாடு. இந்தக் கடையிலை அது நான்தான்!” என்கிறார் யோகன்.

முதலாளி ஆவி பறக்கும் சோற்றுக் கோப்பையோடு வந்து, என்னைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ கேட்கிறார்.

“உங்கடை வயசைக் கேக்கிறார்.”

அகதி விண்ணப்பம் கொடுத்த நாள்முதல் அலுவலகங்கள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்ட வயதுதான். “ஐம்பத்தேழு” என்கிறேன்.

“அப்ப இண்டைக்கு நான் ரெண்டாவது” என்று சிரிக்கிறார் யோகன்.

முதலாளி இரண்டு கைகளாலும் கோப்பையை என் முன்னால் வைக்கிறார். யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை, எனக்காகக் காத்திருக்கிறார்கள். நானும் இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் பசி. அவசரமாக முதல் வாய் சாப்பிடுகிறேன்.